மாட்டுங்கா அறையை இன்னும் ஏன் காலி செய்யவில்லை

செம்பூர்,
1-8-1965, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ராமபத்ரனுக்கு அத்திம்பேர் அனந்தநாராயணன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா அகிலாண்டமும் குழந்தை பஞ்சுவும், பம்பாய் மழையில் நனைந்து காய்ந்ததுபோக மற்ற நேரங்களில் சௌக்கியமாக இருக்கிறோம். பூனாவில் மெஸ் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, ஒலவக்கோட்டில் பிறந்தகத்தில் இருக்கும் சௌபாக்கியவதி விசாலாக்ஷியிடமிருந்து ஒழுங்காகக் கடிதம் வருகிறதா என்பதையெல்லாம் விவரமாக எழுதவும்.

உன்னுடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்தில் மாட்டுங்கா அறையின் சாவி எப்போது கிடைக்கும் என்று பணிவாகக் கேட்டிருந்தாய். இரண்டாவதில் பணிவு கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்றாவதில் எங்கள் க்ஷேமத்தை விசாரிக்கக்கூட இல்லை; சாவியில் ஆரம்பித்துச் சாவியிலேயே முடித்துவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. சித்திரையில் கல்யாணம் ஆயிற்று. பம்பாய்க்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் விசாலாக்ஷியை அழைத்துவந்து எங்கள் பழைய அறையில் குடித்தனம் வைப்பது என்று பெரியவர்கள் முன்னிலையில் பேசி, வீட்டுக்காரரும் சரி என்று சொன்ன விஷயம். நாங்களோ வைகாசியிலேயே இந்தச் செம்பூர் காலனி வீட்டில் பால் காய்ச்சிக் குடிவந்தாகிவிட்டது. அப்புறமும் ஒரு காலி அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்னதான் செய்கிறார் என்று நீ நினைப்பது நியாயம்தான். காரணம் இருக்கிறது. காரணத்துக்கு வயது இரண்டே முக்கால். பெயர் பஞ்சு.

நீ பூனாவுக்குப் போன பிறகு பிறந்தவன் பஞ்சு. அவனைக் கக்கூஸுக்குப் பழக்கிய கதை உனக்குத் தெரியாது. ஆனால் பழக்கிய இடம் தெரியும். மூன்றாவது மாடி, பதினான்கு அறை, தாழ்வாரக் கோடியில் இரண்டு கக்கூஸ், காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்ததும் அறைக்கு ஒரு டப்பா வீதம் வரிசையாக வைத்துவிட்டு, நம் டப்பாவை யாராவது தாண்டுகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பல் தேய்ப்பது, எல்லாம் நீ இருந்தபோது இருந்தபடியேதான். அறைக்கு ஒரு டப்பா என்றால் ஒன்றேதான். இரண்டாவது டப்பா கண்ணில் பட்டால் தண்ணீர் பம்பு போடும் பூலோகம் அதை எடுத்துக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிடுவார். தாராவியிலிருந்து விடியுமுன் நடந்தே வந்து பம்பு போடுகிறவர், திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த மாடியில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்தச் சட்டத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள். சாவி விஷயமே இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் புரட்டாசியில் பஞ்சுவுக்கு இரண்டு வயது நிறைந்தது. எல்லாக் குழந்தைகளும் சொல்கிறபடி அவனும் சொல்வான். ஆனால் முன்னால் சொல்லமாட்டான். எல்லாம் நடந்து முடிந்த பிறகு மெதுவாக வந்து என் வேஷ்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, ஆச்சு" என்பான். தகவல் எப்போதும் சம்பவத்துக்குப் பின்னால்தான். ஆபீஸில் நான் இருப்பது இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பிரிவு. அங்கேயும் அப்படித்தான் என்பதால் எனக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. அகிலாண்டத்துக்குத் தோன்றியது. ஏனென்றால் சம்பவம் நடந்த இடங்கள் அப்படி. ஒருதரம் என் ஆபீஸ் ஷூ. ஒருதரம் ஊறப்போட்ட இட்லி அரிசிக்குப் பக்கத்தில், இரண்டு விரற்கடை தள்ளி. பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த புதுப் புடவைமேல் ஒருதரம். அன்றைக்கு அகிலாண்டம் அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அடிக்க மனசு வராமல் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து அவனும் அழுதான். அழுகைக்கு நடுவிலேயே எழுந்து வந்து என்னிடம், "அப்பா, ஆச்சு" என்றான்.

அடுத்த நாளே தாதரில் ஒரு பார்ஸி லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மாள் பஞ்சுவின் வயிற்றை ஒருதரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, அவனுக்கு ஒன்றுமில்லை, எங்கள் இருவருக்கும்தான் அவசரம் என்றாள். அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, பக்கத்து அறைக் குழந்தையோடு ஒப்பிடக்கூடாது. தினமும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எத்தனை நேரமானாலும் சிரித்த முகத்தோடு காத்திருக்க வேண்டும். வந்தால் பாராட்ட வேண்டும். வராவிட்டாலும் முகத்தைச் சுளிக்கக்கூடாது. இதைக் கேட்டு அகிலாண்டம் என்னிடம் மெதுவாக, "இவாத்துல கக்கூஸ் சொந்தம் போல இருக்கு" என்றாள். எத்தனை நேரமானாலும் என்பது பதினான்கு அறைக்கு இரண்டு கக்கூஸ் இருக்கிற மாடியில் என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

இருந்தாலும் டாக்டர் சொல்லிவிட்டாள். பொங்கல் கழிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, முறைப்படி டப்பா வைத்து, எங்கள் முறை வந்ததும் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே கால் வைக்கிற கற்கள் பெரியவர்களுக்கென்று அகலமாகப் போட்டவை. அவன் கால்கள் எட்டவில்லை. நான் எதிரே குந்தி உட்கார்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி சிரித்த முகமாக இருந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வெளியே டப்பாக்களின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்னொரு கக்கூஸில் யாரோ புகுந்துவிட்டார்கள். அதுவும் திறப்பதாக இல்லை. கதவை முதலில் தட்டியது எட்டாம் நம்பர் அறைக் குல்கர்ணி. "அய்யர் சாப், ஸோ கயே க்யா?" என்று, நான் தூங்கிவிட்டேனா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்தது நம் பக்கத்து அறை மீனாட்சியம்மாள். "உள்ளே என்ன பாராயணமா நடக்கறது? பலஸ்ருதி எப்போ வரும்?" என்றாள். அதற்குப் பிறகு பூலோகம் வந்து, "சாமி, தண்ணி நிக்கப் போவுது. பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வாரும். நாளைக்கி பாத்துக்கிடலாம்" என்று கதவை இரண்டு குத்து குத்தினார்.

நான் பொறுமையை விடவில்லை. உள்ளே இருந்தபடியே உரத்த குரலில், டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் தமிழில் ஒருதரமும், எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒருதரமும் எடுத்துச் சொன்னேன். வெளியே சத்தம் நின்றது. பிள்ளை பெற்றவர்கள்தானே எல்லோரும். மீனாட்சியம்மாள்தான் முதலில், "பயப்படாதேடா பஞ்சு, நாங்க இங்கேதான் இருக்கோம்" என்றாள். குல்கர்ணி வாயால் தண்ணீர் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் செய்து காட்டினார். இருபத்தைந்தாவது நிமிஷம் பஞ்சுவின் முகத்தில் ஒரு தீர்மானம் வந்தது. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக, நடந்துகொண்டிருக்கும்போதே, "அப்பா, ஆறது" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். வெளியே ஒன்பது பேர். இருபத்தைந்து நிமிஷத்துக்குப் பிறகு ஒரு வழியாகக் கதவு திறந்ததே என்ற சந்தோஷத்தில் ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் கைதட்டினார்கள்.

அவர்கள் கதவுக்குத்தான் கைதட்டினார்கள். பஞ்சு அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். பிறகு தானும் தட்டினான். அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. பதினொரு வருஷம் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்; அந்த நேரத்தில் அங்கே யாரும் யாரையும் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை.

மறுநாளிலிருந்து அவனுக்கு நேரம் தவறவில்லை, ஷூ ஆபத்தில்லை, புடவை ஆபத்தில்லை. ஆனால் வெளியே ஆட்கள் நிற்கவேண்டும். பேச்சுக் குரல் கேட்கவேண்டும். யாராவது கதவைத் தட்டவேண்டும். முடிந்து வெளியே வந்தால் கைதட்டவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்காது. வார நாட்களில் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு, எல்லோரும் ஏழரைவரை தூங்குவார்கள். நான் ஆறு மணிக்கு அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டி, இரண்டு நிமிஷம் வந்து நின்றுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனாட்சியம்மாள் குளித்து மடி கட்டிக்கொண்டுவிட்டாள். மடியாக இருப்பவள் கக்கூஸ் பக்கம் எப்படி வருவாள்? கொஞ்சம் யோசித்தாள். "தொடக் கூடாதுன்னுதானே சாஸ்திரம், தட்டக் கூடாதுன்னு எங்கேயும் சொல்லலையே" என்று தன் அறை வாசலிலேயே, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு கைதட்டினாள். பஞ்சு அதை ஏற்றுக்கொண்டான்.

பஞ்சு நியாயஸ்தன். தனக்குச் செய்ததைப் பிறருக்கும் செய்யவேண்டும் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, யார் கக்கூஸ் கதவைத் திறந்து வெளியே வந்தாலும், "சபாஷ், ஆச்சு!" என்று கைதட்டுவான். முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். ஒரு வாரம் போனதும் அவன் கைதட்டாவிட்டால் முகம் வாடினார்கள். இப்படி மாடி முழுவதும் பழகியிருந்த சமயத்தில்தான் குல்கர்ணியின் பெண்ணைப் பார்க்க நாஸிக்கிலிருந்து பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளையின் தகப்பனார் கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரிய மனிதர். ரயிலில் வந்த களைப்பு. வந்ததும் வராததுமாகக் குல்கர்ணியின் காதில் ஏதோ சொல்ல, குல்கர்ணி டப்பாவில் தண்ணீர் எடுத்துக் கொடுத்து வழி காட்டினார். அவர் திரும்பி வெளியே வந்தபோது பஞ்சு "சபாஷ், ஆச்சு!" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் பதினான்கு அறை வாசலிலிருந்தும் கைதட்டல் கிளம்பிவிட்டது. குல்கர்ணிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. அந்தப் பெரியவர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வணங்கினார். விருந்தாளிக்கு இந்தக் கட்டடத்து வரவேற்பு முறை இது என்று நினைத்துக்கொண்டார். இத்தனை மரியாதை தெரிந்த ஜனங்களுக்கு நடுவில் வளர்ந்த பெண் என்றால் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை என்று அன்றைக்கே நிச்சயம் செய்துவிட்டுப் போனார். குல்கர்ணி பஞ்சுவுக்கு ஒரு பெட்டி பேடா வாங்கிக் கொடுத்தார்.

உன் கல்யாணத்தில் பஞ்சு சமர்த்தாகத்தானே இருந்தான் என்று நீ கேட்பாய். ஏன் இருக்கமாட்டான்? கல்யாணத்துக்கு வந்த ஜனம் முழுவதும் கொல்லைப்பக்கம் சொம்போடு நின்றிருந்ததே. அவனுக்கு மாட்டுங்காவுக்கும் ஒலவக்கோட்டுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

இந்த நிலைமையில்தான், எட்டு வருஷத்துக்கு முன்பு மனுப் போட்டிருந்த காலனி வீடு கிடைத்தது. இரண்டு அறை, சமையலறை, குளிக்க ஓர் இடம், அதன் பக்கத்தில் எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு கக்கூஸ். வெள்ளைக் கல் பதித்தது. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் வரும். பால் காய்ச்சிய அன்று வந்தவர்களுக்கெல்லாம் அகிலாண்டம் பூஜை அலமாரியைக் காட்டுவதற்கு முன் அந்தக் கதவைத் திறந்து காட்டினாள். உள்தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தாள். பஞ்சு வயிற்றில் இருக்கும்போது ஒன்பதாம் மாதம்கூட அவள் டப்பாவோடு அந்தத் தாழ்வாரத்தில் நின்றிருக்கிறாள். எல்லோரும் அவளை முன்னால் விடுவார்கள். அவளும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் பொறுக்காது. ஆகவே இந்த வீட்டை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை நான் உனக்கும் சொல்கிறேன், எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் குடிவந்த மறுநாள் காலை பஞ்சு உள்ளே போய் உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான். காதைக் கொடுத்துக் கேட்டான். ஒரு சத்தம் இல்லை. எழுந்து வந்துவிட்டான். நானும் அகிலாண்டமும் வெளியே நின்று கைதட்டிப் பார்த்தோம். மற்றவர்கள் எங்கே என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தானே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆடிட் ஆபீஸ்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசிப் பழகாதவர். காலை ஆறேகால் மணி. எங்கள் வீட்டில் ஒரு சின்ன விசேஷம், நீங்களும் மாமியும் இரண்டு நிமிஷம் வந்து கைதட்டிவிட்டுப் போகவேண்டும் என்றேன். பாவம், அவர் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டும் மாமி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டும் வந்தார்கள். விசேஷம் எந்த அறையில் என்று தெரிந்ததும், "நான் கோவிலுக்குப் போகணும்" என்று அவர் திரும்பிவிட்டார். மாமி தாம்பாளத்தை வைத்துவிட்டு, ஒருதரம் தட்டிவிட்டு அவர் பின்னால் ஓடினாள். அதற்கப்புறம் மாடிப்படியில் என்னைக் கண்டால் அவர் ஒதுங்கிப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூலோகத்தையே செம்பூருக்கு வரவழைத்தேன். அவரும் பிள்ளைமேல் இருந்த பிரியத்தில் வந்தார். வெளியே நின்று, "ஏலே பஞ்சு, தண்ணி நிக்கப் போவுதுலே! சீக்கிரமா வாலே!" என்று நாலு வீடு கேட்கக் கத்தினார். கதவைக் குத்தினார். காலனி செக்ரட்டரி என்ன சண்டை என்று விசாரிக்க வந்ததுதான் மிச்சம். கடைசியில் பூலோகம் கதவைத் திறந்து அந்த வெள்ளைக் கல்லையும் சங்கிலியையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சாமி, இம்புட்டு சுத்தமா, இம்புட்டு அமைதியா இருந்தா எவனுக்குத்தான் வரும்?" அவர் சொன்னதில் இருந்த உண்மையை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் திங்கட்கிழமை முதல் பழைய ஏற்பாட்டுக்கே போய்விட்டோம். விடிகாலை முதல் வண்டி பிடித்துக் குர்லாவில் மாறி மாட்டுங்காவில் இறங்குகிறோம். பஞ்சு என் தோளில், குடை ஒரு கையில், டப்பா பையில். ஆறு மணிக்குள் வரிசையில் டப்பா வைத்தாகிவிடும். பஞ்சுவைக் கண்டதும் தாழ்வாரமே கலகலப்பாகிவிடுகிறது. ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிகிறது, கைதட்டல் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் போனது போனோம் என்று என் முறை வரும்போது நானும் ஒருதரம் போய்விட்டு வருவதுண்டு; அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு மணிக்குத் திரும்ப வண்டி ஏறி, குழந்தையை வீட்டில் விட்டுக் குளித்துச் சாப்பிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறேன். வண்டியில் தினமும் கூட வரும் மில் தொழிலாளிகள் இத்தனை காலையில் குழந்தையை எங்கே தூக்கிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஸ்கூலுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை பெய்த மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, குர்லாவுக்கும் ஸயானுக்கும் நடுவில் வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டது. ராமபத்ரா, அந்த ஒன்றரை மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுத்தில் எழுத முடியாது. குழந்தைக்கு எப்படி இருக்குமோ, எப்படித் தாங்குகிறானோ என்று நினைத்து எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. குழந்தை என்னவோ தூங்கிக்கொண்டுதான் இருந்தான். இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா?

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். சாவியை உன்னிடம் கொடுத்தால் அறை உன்னுடையது. அறை உன்னுடையதானால் டப்பாவும் உன்னுடையது. விருந்தாளி என்று சொல்லி நான் ஒரு டப்பா வைக்க முடியாது. ஒருநாள் விடுவார்கள், இரண்டு நாள் விடுவார்கள், மூன்றாம் நாள் பூலோகம் கவிழ்த்து வைத்துவிடுவார். கேட்டும் பார்த்தேன். "அறைக்கி ஒண்ணு, சாமி. ஒமக்குன்னு மாத்துனா நாளைக்கி எல்லாவனும் கேப்பான்" என்றார். உன் டப்பாவையே நாம் இருவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றால், புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண் தன் முறைக்காகக் காத்து நிற்கும்போது நாத்தனார் புருஷன் உள்ளே இருந்தால் நன்றாகவா இருக்கும்? குழந்தையோடுதான் என்றாலும்?

ஆகையால் நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. விசாலாக்ஷி தீபாவளிவரை ஒலவக்கோட்டிலேயே இருக்கட்டும். தலை தீபாவளிக்கு எப்படியும் நீதானே அங்கே போகவேண்டும்? நீ அதுவரை ஏதாவது மெஸ்ஸில் இருந்துகொள். புதுசாகக் கல்யாணமானவனிடம் இதைச் சொல்கிறோமே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் டாக்டர் சொன்னது எத்தனை நேரமானாலும் என்பது. அவள் கணக்கு ஒன்றும் வைக்கவில்லை. குழந்தைகள் விஷயத்தில் அவசரப்பட்டால் ஆகிற காரியமும் ஆகாமல் போய்விடும். ஒருநாள் அவனுக்கே அந்த மௌனம் பழகிவிடும். அதுவரை காத்திருப்பதைவிடப் பெற்றவனுக்கு வேறு வேலை என்ன? உண்மையைச் சொன்னால், தினமும் காலையில் குல்கர்ணி கதவைத் தட்டும் சத்தத்தைக் கேட்கும்போது எனக்கே மனசுக்கு ஒரு தெம்பு வருகிறது. பதினொரு வருஷம் என்பது சும்மாவா?

விசாலாக்ஷிக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் மாமனார் மாமியாருக்கு என் நமஸ்காரத்தைத் தெரிவிக்கவும். சீக்கிரமே உங்களுக்கும் ஒரு குழந்தை பிறந்து, பொறுமை என்றால் என்னவென்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்திம்பேர்,
அனந்தநாராயணன்

பின்குறிப்பு: ராமு, இது அக்கா எழுதுவது. கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு அத்திம்பேர் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். பொய் எழுதியிருக்கிறார் என்று சொல்லமாட்டேன். குடிவந்த நாலு நாள் போக, அதற்குப் பிறகு எங்கெல்லாம் குழந்தை பெயர் வருகிறதோ அங்கெல்லாம் அவர் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். எல்லாம் சரியாக இருக்கும்.

பூலோகம் வந்து கத்திவிட்டுப் போன மறுநாளே பஞ்சு தானாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கைதட்டப் போன என்னை, "அம்மா, சத்தம் போடாதே, போ" என்று துரத்திவிட்டான். இப்போது மாட்டுங்காவுக்கு அவன் போவது மீனாட்சியம்மாள் கொடுக்கும் சர்க்கரைக்காக. அங்கே ஒன்றுக்கு மட்டும் போய்விட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு, மற்றதை இங்கே வீட்டுக்கு வந்து பண்ணுகிறான். யாரும் தட்டாத கதவுக்குப் பின்னால் வராதது இவருக்குத்தான். முதல் நாள் முக்கால் மணி உள்ளே இருந்துவிட்டு, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி வெளியே வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னபடி அவர் நேரத்துக்குக் காத்திருந்தேன். ஐம்பத்திரண்டு நாள் காத்திருந்தாகிவிட்டது. அவர் வெட்கப்படுவார் என்றுதான் இதுவரை வாயைத் திறக்கவில்லை. அதற்காக ஒலவக்கோட்டில் ஒரு பெண் தீபாவளிவரை உட்கார்ந்திருப்பாள் என்றால் அது எனக்குச் சம்மதமில்லை.

நேற்று சாயங்காலம் பஞ்சுவிடம், அப்பா உள்ளே போனதும் கதவைத் தட்டச் சொன்னேன். பலமாகத்தான் தட்டினான். உள்ளேயிருந்து, "இருடா, இருடா!" என்று இவர் குரல் வந்தபோது அதில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்க வேண்டும். அதற்குள் பஞ்சு பொம்மை எடுக்க ஓடிவிட்டான். காரியம் பாதியில் நின்றுபோயிற்று. சின்னக் கை, சின்னப் பொறுமை.

சாவியைப் பூலோகத்திடம் கொடுத்து வைத்துவிடுகிறேன். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, விசாலாக்ஷியை அழைத்துக்கொண்டு வா. அதற்கு ஒரு வாரம் முன்னால் நீ மட்டும் இங்கே வந்து தங்கு. எங்களோடு இருந்த இரண்டு வருஷமும் தினமும் இவர் கதவைத் தட்டினது நீதானே? காலை ஆறு மணிக்குப் போய்க் கதவைக் குத்து. "அத்திம்பேர், எனக்கு ஆபீஸுக்கு நாழியாச்சு, வெளியே வாங்கோ!" என்று கத்து. பாவம் பார்க்காதே, நிஜமாகவே கோபமாகக் கத்து. கைதட்ட நானும் பஞ்சுவும் இருக்கிறோம்.